கீழே பார்த்து நின்ற வீரன்

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் பக்கம் இறங்க அரை மணி நேரம். என் வீரன் காட்டு வழியே ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போய்ச் சேரவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். வழியில் பூதங்கள் அதிகம் மறித்தால் அவனுக்குத் தாமதம். முகூர்த்த நாளாக இருந்தால் எனக்கு.

வீரன் என்று நான் சொல்வது ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியின் திரைக்குள் நடக்கும் கட்டைவிரல் நகமளவு பொம்மையை. புத்தகம் போல மடியும் பெட்டி அது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, அங்கே யாரோ ஆடி அலுத்துப்போனதை வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே அதில் செருகி ஆட நாலு கேசட். இப்போதைய பிள்ளைகள் அதைக் கேசட் என்று சொல்வதைக் கேட்டால் சிரிக்கும். எங்கள் வீட்டில் வேறு பெயரே கிடையாது. அம்மாவோ மொத்தத்துக்கும் டொக்குப்பெட்டி என்று பெயர் வைத்துவிட்டாள், பட்டன் சத்தத்தை வைத்து.

நாலு கேசட்டிலும் ஒரே மாதிரிக் கதைதான். ஒரு வீரன் சின்னக் கிராமத்திலிருந்து கிளம்புவான். பூதங்களை அடிப்பான். அடிக்க அடிக்க லெவல் ஏறும். கிடைக்கிற காசுக்குக் கத்தியும் கேடயமும் வாங்குவான், சத்திரத்தில் படுத்து எழுந்திருப்பான், கடைசியில் ஒரு கோட்டைக்குள் போய் அசுர ராஜாவைக் கொல்வான். மூன்று கேசட்டை நான் முடித்து, திரும்ப ஆரம்பித்து, மறுபடி முடித்து, மறுபடியும் ஆரம்பித்திருக்கிறேன். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, எந்தக் குகையில் வலது பக்கம் திரும்பினால் சாவு, எல்லாம் மனப்பாடம். பிறகு எதற்கு ஆடுகிறாய் என்று கல்லூரித் தோழி ஒருத்தி கேட்டாள், பெங்களூரிலிருந்து. தெரிந்த வழியில் நடந்து போவது தனி சுகம் என்று ஏதோ சொன்னேன். அவள் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் எழுதவும் இல்லை, நானும் எழுதவில்லை.

சுகம்தான் என்று இப்போதும் சொல்வேன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் உட்கார்ந்து வக்கீல்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறேன். வருகிற எல்லோருக்கும் பத்தரை மணிக்குள் வேண்டும். எல்லோரும் என் தோளுக்கு மேலே நின்று திரையைப் பார்ப்பார்கள். விரல் பறக்கும். எனக்கு அந்த வேகம் பிடிக்கவும் செய்யும், அதை மறைப்பானேன். ஆனால் பஸ்ஸில் ஏறிப் பெட்டியைத் திறந்தால் வீரன் ஒவ்வொரு கட்டமாகத்தான் அடி வைப்பான். ஓட மாட்டான். ஓடுவதற்குப் பட்டனே கிடையாது. ஊர்க்காரர்கள் பேசினால் எழுத்து எழுத்தாக, டிக் டிக் என்று வரும். சின்ன வயதில் நான் பட்டனை அமுக்கி அமுக்கி அதை ஓட்டிவிடுவேன். அண்ணன் கத்துவான், அவனுக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் வாசிக்க வரும். இப்போது நான் பட்டனைத் தொடுவதே இல்லை. தானாக வந்து முடியட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

நாலாவது கேசட்டின் முதல் கிராமத்தில் கிணற்றடியில் ஒரு ஆள் நிற்பான். எப்போது போய்ப் பேசினாலும், "மேகம் கூடுது, இன்றைக்கு மழை வந்துவிடும்" என்பான். அவ்வளவுதான் அவனுக்குப் பேச்சு. அந்த ஊரில் மழை பெய்து நான் பார்த்ததில்லை. சில நாட்கள் கடையில் மனு விஷயம் தவிர வேறு ஒரு வார்த்தை யாரிடமும் பேசியிருக்க மாட்டேன். சாயங்கால பஸ்ஸில் அவனிடம் போய் நின்று மழையைப் பற்றிக் கேட்டுவிட்டு வருவேன்.

இந்த நாலாவது கேசட்டைத்தான் நான் முடித்ததில்லை. முடிக்கத் தெரியாமல் இல்லை.

மற்ற மூன்றிலும் ஆடி நிறுத்திய இடத்தை ஆளுக்கு ஒன்றாகச் சேவ் செய்து வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரே ஒரு இடம்தான். அண்ணனும் நானும் வேறு வேறாக ஆட முடியாது. ஒருவர் சேவ் செய்தால் மற்றவருடையது அழிந்துவிடும். முதல் வாரம் முழுக்க முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை. அப்பாதான் தீர்ப்புச் சொன்னார். அவர் நூல் மில்லில் இருந்தார். மில்லில் ஷிப்ட் மாறும்போது மிஷினை நிறுத்த மாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே போகிறவர், எதில் நூல் அதிகம் அறுகிறது என்று உள்ளே வருகிறவருக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதே மாதிரி ஆடுங்கள், இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவேன் என்றார்.

அப்படியே ஆடினோம். காலையில் அண்ணன் கிரவுண்டுக்கு ஓடப் போவான், அப்போதே அவனுக்குப் பட்டாளத்து ஆசை. அது என் ஷிப்ட். சாயங்காலம் நான் டியூஷன் போவேன், அது அவன் ஷிப்ட். ஒரே வீரன், ஒரே பயணம், ஆள் மட்டும் மாறி மாறி. நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்ள முடியாத நாட்களுக்காக ஒரு வழி வைத்துக்கொண்டோம். சத்திரத்தில் சேவ் செய்யும்போது வீரனை மேலே பார்த்து நிறுத்தினால், தடையில்லை, நீ போகலாம். கீழே, அதாவது நம்மைப் பார்த்து நிறுத்தினால், முன்னால் பெரிய சண்டை இருக்கிறது, நான் வருகிறவரை போகாதே. பெரிய சண்டை எதுவானாலும் ரெண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான். அவன் பட்டனைப் பிடிப்பான்; நான் அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, மருந்து குடி, மருந்து குடி என்று கத்துவேன். ஒரு தடவைகூட இந்த விதியை ரெண்டு பேரும் மீறவில்லை. வீட்டில் வேறு எந்த விதியையும் இப்படிக் கடைப்பிடித்ததாக ஞாபகம் இல்லை.

அவன் பட்டாளத்தில் சேர்ந்து பயிற்சிக்குக் கிளம்பிய அன்று சாயங்காலம் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தோம். அம்மா முகம் கழுவப் போனாள். நான் பெட்டியைத் திறந்தேன். கோட்டைக்கு முந்தின கடைசிச் சத்திரம். வீரன் கீழே பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

நிற்கட்டும் என்று விட்டேன். முதல் லீவில் வந்தவன் சாப்பிட்ட நேரம் போக மீதி நேரம் தூங்கினான். அடுத்த லீவில் பெட்டியின் மடிப்பு உடைந்து ரிப்பேர்க் கடையில் கிடந்தது. அதற்கடுத்த லீவில் அவனுக்குக் கல்யாணம். ஒவ்வொரு தடவையும் வாயே திறக்காமலும் நான் இருக்கவில்லை. "பொறவு பாப்போம்" என்பான். நல்ல மனதோடுதான் சொல்வான்.

அதுவரை நான் சும்மாவும் இருக்கவில்லை. கோட்டைக்குள் போகக் கூடாது, அவ்வளவுதானே. கோட்டைக்கு வெளியே உலகமே கிடக்கிறது. வீரனைத் திருப்பி நடத்திக்கொண்டு, வந்த வழியே ஊர் ஊராக, முதல் கிராமம் வரை போனேன். கிணற்றடி ஆளிடம் பேசினேன். மறுபடி கோட்டை வரை வந்தேன். மறுபடி திரும்பினேன். ஏதோ ஒரு முறை போய் வரும்போது கல்லூரி முடிந்தது. இன்னொரு முறையில் அப்பா மில்லிலிருந்து நின்றார். பூதங்களை அடித்து அடித்து வீரனின் லெவல் அதற்கு மேல் ஏற இடமில்லாத இடத்துக்குப் போய்விட்டது. காட்டுவழியில் ஒரு காலத்தில் எங்களை அழவைத்த பூதங்கள் இப்போது அவனைக் கண்டாலே ஓடின. ஒவ்வொரு நாளும் ஆடி முடித்த பிறகு அவனைத் திரும்பக் கொண்டுவந்து, அதே சத்திரத்தில், அதே கட்டத்தில், கீழே பார்த்து நிறுத்திவிட்டு சேவ் செய்வேன். அண்ணன் என்றைக்குத் திறந்தாலும் விட்ட இடத்தில் இருக்க வேண்டும்.

இந்த வருடம் அவனுக்கு நீண்ட லீவு கிடைத்தது. நான் பேட்டரி மாற்றி, திரையைத் துடைத்து வைத்தேன். வந்தான். சொந்தக்காரர் வீடு, பேங்க், மம்சாபுரத்தில் ஒரு காதுகுத்து, வத்திராயிருப்பில் மதினியின் சித்தப்பா தோப்பு என்று நாட்கள் ஓடின. கடைசி வாரம் மதினி வீட்டில், ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கினார்கள். ரயிலும் அங்கிருந்தே ஏறுவதாக ஏற்பாடு. மதினிக்கு இது ஏழாம் மாதம், அவள் அண்ணனோடு கிளம்பவில்லை, ஸ்டேஷன் வரைதான். அம்மாவும் அப்பாவும் முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். நான் கடையில் சொல்லிவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். டொக்குப்பெட்டி பையில் இருந்தது.

மதினியின் அப்பா எதற்கும் நேரத்தோடு போக வேண்டும் என்பவர். அதனால் ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னாலேயே எல்லோரும் பிளாட்பாரத்தில். மலைப்பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று எனக்கு மனசு குதித்தது. பெட்டியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தேன்.

"ஏட்டி, இது இன்னுமா ஓடுது?" என்றான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கையில் அது தீப்பெட்டி மாதிரி இருந்தது.

"செத்த நேரம் இருக்குல்லண்ணே. கோட்டைக்குப் போயிருவோம்."

சரி என்று சொல்லிப் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். நான் உட்காரப் போனேன். அப்போதுதான் மதினி தலையில் கை வைத்தாள். யூனிட்டில் எல்லோருக்கும் என்று வாங்கிவைத்த பால்கோவா மொத்தமும் வீட்டு பிரிட்ஜிலேயே இருந்துவிட்டது. பால்கோவா இல்லாமல் போனால் உள்ளே விட மாட்டான்கள் என்று அண்ணன் சிரித்தான். மதினி வண்டி ஓட்டும் நிலையில் இல்லை, அவள் அப்பா ரயில் வந்துவிடும் என்று அங்கிருந்து அசைவதாக இல்லை. அண்ணன் ஓட்டி வந்த மதினியின் ஸ்கூட்டி சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.

போகாதே, நான் வருகிறவரை பொறு என்று அண்ணனிடம் நான் சொல்லவில்லை. வீரன் கீழே பார்த்துதானே நிற்கிறான். அதற்கு மேல் வாயால் சொல்வது, அவனுக்கு ஞாபகம் இல்லை என்று சொல்வது போல ஆகிவிடும் என்று பட்டது.

மதினி வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்து, டப்பாக்களைப் பையில் அடுக்கி, தேர் முக்கில் ஒரு டவுன் பஸ்ஸும் ஒரு லாரியும் முட்டிக்கொண்டு நின்ற நெரிசலில் மாட்டி, திரும்பிப் பிளாட்பாரத்துக்கு ஓடினேன். கூட்டம் சேர்ந்திருந்தது. அண்ணன் பெஞ்சில் அதே இடத்தில் உட்கார்ந்து, என்னைக் கண்டதும் பெட்டியை உயர்த்திக் காட்டினான்.

கறுப்புத் திரை. நடுவில் முற்றும் என்பதற்கான அந்த மூன்று இங்கிலீஷ் எழுத்து.

"முடிச்சிட்டேன்ட்டி" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. "நாலு அடிதான். அஞ்சாவது அடிக்கு அந்த ராஜா இல்ல. இம்புட்டு லெவலை வச்சிக்கிட்டு என்னத்துக்குப் பயந்துகிட்டு வாசல்லயே நின்ன?"

நான் பயந்து நின்றுவிட்டேன் என்றுதான் அவன் நினைத்திருக்கிறான். தங்கைக்கு முடியாததை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்ற சந்தோஷம் அவனுக்கு.

"சும்மாத்தான்" என்றேன்.

மதினியின் அப்பா எழுந்து வேட்டியை இறுக்கினார். ரயில் வந்தது. அண்ணன் மதினியிடம் நாலு வார்த்தை தனியாகப் பேசினான், அப்புறம் என் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினான், சின்ன வயதில் செய்வது போலவே. பால்கோவாப் பை கதவிடுக்கில் மாட்டி, யாரோ உள்ளேயிருந்து இழுத்தார்கள். ரயில் போன பிறகு மதினி வீட்டுக்கு வந்துவிட்டுப் போகச் சொன்னாள். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் இன்னும் எத்தனையோ பஸ் இருக்கிறது என்றாள். அம்மா தேடுவாள் என்று சொல்லிவிட்டேன்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பெட்டி மடியில் திறந்தபடி இருந்தது. அந்தத் திரை வந்துவிட்டால் எந்தப் பட்டனும் வேலை செய்யாது. அணைத்துத்தான் எடுக்க வேண்டும். எனக்கு அணைக்கக் கை வரவில்லை. ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் என் திரையைப் பார்த்தாள். படம் முடிஞ்சிருச்சா தாயி என்று கேட்டாள். முடிஞ்சிருச்சு என்றேன். மம்சாபுரம் ரோடு பிரியும் விலக்கு தாண்டி, மில் விளக்குகள் தெரிகிற இடத்தில் அது தானாக அணைந்துவிட்டது.

இரண்டு நாள் அதைச் சார்ஜில்கூடப் போடவில்லை. மூன்றாம் நாள் போட்டேன்.

பழைய கேசட்டுகளில் ஒரு குணம் உண்டு. கதை முடிந்ததை அவை பதிந்துகொள்வதில்லை. கடைசியாகச் சத்திரத்தில் எழுதி வைத்ததுதான் அவற்றுக்குத் தெரியும். இது எனக்கு நன்றாகவே தெரியும், மற்ற மூன்றிலும் பார்த்ததுதான். இருந்தாலும் திரை வெளிச்சம் வரும்வரை பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சத்திரம். அதே கட்டம். வீரன் கீழே பார்த்து நின்றுகொண்டிருந்தான், ஒன்றுமே நடக்காதது போல.

மதிய இடைவேளையில், கடைக்குப் பின்னால் ஜெராக்ஸ் பேப்பர் அடுக்கியிருக்கும் அறையில் உட்கார்ந்து, நான் அவனை மேலே திருப்பினேன். நடத்திக்கொண்டு கோட்டைக்குள் போனேன். அண்ணன் சொன்னது சரி. நாலு அடி. ஐந்தாவதுக்கு ராஜா இல்லை. மருந்து குடி என்று சொல்ல ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை. நாங்கள் எத்தனையோ காலம் பேசிப் பேசிப் பயந்த சண்டை, ஒரு வடையைத் தின்று முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு லெவலையும் ஏற்றி வைத்தது நான்தான். அவன் வருகிறவரை செய்வதற்கு வேறு என்ன இருந்தது?

அதன் பிறகு எனக்குத் தெரியாத ஒன்று வந்தது. வீரன் கடந்து வந்த ஊர்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள், கடைசி ஊரிலிருந்து பின்னோக்கி. கப்பல்காரன் கையசைத்தான். சத்திரக்காரி வாசலுக்கு வந்தாள். இறுதியில் முதல் கிராமம், கிணற்றடி. அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. சின்னச் சின்ன வெள்ளைக் கோடுகளாக, சாய்வாக. அந்த ஆள் எதுவும் பேசாமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றான். நான் வடை எண்ணெய்க் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். முன்னாலிருந்து முதலாளி, வக்கீல் வந்துவிட்டார் என்று கூப்பிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் பண்ணினான். அவன் இருக்கும் இடத்தில் சிக்னல் வந்து வந்து போகும். அம்மாவிடம் பேசி, அப்பாவிடம் பேசி, பிறகு என்னிடம் வந்தான். பால்கோவா ஒரே நாளில் காலி என்றான். நான் கேட்டேன், "அண்ணே, அந்த கேம்ல முடிவுல மழை பெய்யுமே, பாத்தியா? கிணத்தடி ஆளு ஊர்ல."

"அதெல்லாம் எங்க பாத்தேன். ரயில் வந்துருமேன்னு பட்டனை அமுக்கி அமுக்கி ஓட்டிட்டேன்."

பிறகு அவனே, "மழையா பெஞ்சுச்சு?" என்றான்.

பெய்தது என்றேன். எப்படிப் பெய்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். கோடு கோடாக, சாய்வாக, அந்தக் கிணற்றடி ஆள் மேலே பார்த்து நின்றான் என்று. அவன் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். எந்த இடத்தில் லைன் போனது என்று தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பக்கம் சத்தமில்லை என்று கவனித்தேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் உட்கார்ந்து முதல் தடவையாக நான் தனியாக அந்தக் கேசட்டில் புது ஆட்டம் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். வீரனுக்குப் பெயர் கேட்டது. ரெண்டு பேருமாகத் தொடங்கியபோது அண்ணன் பெயரில் பாதியும் என் பெயரில் பாதியும் சேர்த்து ஒன்று வைத்திருந்தோம். இப்போது என் பெயரை மட்டும் அடித்தேன். முழுப் பெயருக்கு இடம் போதவில்லை, கடைசி எழுத்து இல்லாமல் விட்டேன்.

வீரன் ஒரு குச்சியோடு கட்டிலிலிருந்து எழுந்தான். லெவல் ஒன்று. கிணற்றடிக்குப் போனேன். மேகம் கூடுது, இன்றைக்கு மழை வந்துவிடும் என்று எழுத்து எழுத்தாக வந்தது. ஊர் எல்லையைத் தாண்டியதும் ஒரு வௌவால் அடித்து அரை உயிர் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. நொண்டிக்கொண்டே திரும்பிச் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தபோது பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்துவிட்டது. கண்டக்டர் கோர்ட் கோர்ட் என்று கூவினார்.

சேவ் என்று அமுக்கினேன். ஏற்கெனவே ஒரு பயணம் இருக்கிறது, அதை அழித்துவிடலாமா என்று பெட்டி கேட்டது. இல்லை என்பதன் மேல்தான் அம்புக்குறி நிற்கும். ஆம் என்பதற்கு நாமே இறக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்றவர்கள் இறங்க ஆரம்பித்தார்கள். பெட்டி கேட்டது கேட்டபடி இருந்தது. பின்னாலிருந்து ஒருவர், "எறங்குதியா, இல்லையாம்மா?" என்றார்.

அம்பை இறக்கி அமுக்கினேன். எழுதி முடிக்கிறவரை அணைக்காதே என்று வந்தது. படியில் நின்றுகொண்டு அது முடிகிறவரை பார்த்தேன். அப்புறம்தான் கவனித்தேன், வீரன் மேலே பார்த்து நின்றான். சத்திரக்காரியிடம் பேசப் போன நிலையிலேயே நின்றிருக்கிறான். நான் திருப்பி வைக்கவில்லை. பெட்டியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கடை வாசலில் அதற்குள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.